நெல்லை மாநகரப் பள்ளிகளுக்காகப் பெற்றோர் ஒன்றுகூடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி மாநகராட்சியின் டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகிய நான்கு மண்டலங்களிலும் அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஆகியவற்றில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு, சட்டம் சொல்லாத இடத்தில் என்ன செய்யலாம் என்பதும் சேர்த்தே பேசப்படுகிறது.

பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கும்போது நாங்கள் தனியாகக் கூட வேண்டிய அவசியம் என்ன?

பெற்றோர் ஆசிரியர் கழகம் பெரும்பாலும் பள்ளி அழைக்கும்போதுதான் கூடுகிறது. எதைப் பேசுவது என்பதையும் பள்ளியே முடிவு செய்கிறது. அங்கே எழுந்து கேள்வி கேட்கும் ஒரு தாய் தனியாளாகவே நிற்கிறார், வீட்டுக்குத் திரும்பும்போதும் தனியாளாகவே திரும்புகிறார். பெற்றோர் தங்கள் தெருவிலோ, பல வீடுகள் ஒரு முற்றத்தைச் சுற்றி அமைந்த வளவிலோ முன்கூட்டியே கூடிப் பேசி, எது முதல் கோரிக்கை, யார் பேசுவது, யார் எழுதுவது என்று தீர்மானித்துவிட்டுப் பள்ளிக்குச் சென்றால், அதே கேள்வி இருபது வீட்டின் கேள்வியாகிவிடுகிறது. நெல்லையப்பர் தேரை இழுக்க ஆனி மாதத்தில் ஒரு நாள் ஊர் கூடினால் போதும். பள்ளிக்கூடத்துக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும் என்பதால், ஒரு பிரச்சினை தீர்ந்த பிறகும் கலையாத குழுவாக இருப்பதுதான் இங்கே முக்கியம்.

பள்ளி மேலாண்மைக் குழு என்பது என்ன? அதற்கு உண்மையிலேயே அதிகாரம் உண்டா?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆவது பிரிவு, குறைந்தது நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் உள்ள குழு ஒன்றைப் பள்ளிதோறும் அமைக்கச் சொல்கிறது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது, மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை அதன் வேலை. பல ஆண்டுகள் இந்தக் குழுக்கள் பதிவேட்டில் மட்டுமே இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2022-இல் தமிழ்நாடு அரசு, மார்ச் 20 அன்று பள்ளிகள்தோறும் பெற்றோரைக் கூட்டி விளக்கம் தந்து, அதன்பின் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தது. 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர். தலைவர் ஒரு தாயாக இருக்க வேண்டும். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. 2024-இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு, உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது.

அதிகாரம் உண்டு, ஆனால் அது கேட்டு வாங்கும் அதிகாரம். குழுவின் தீர்மானம் பள்ளிக் கல்வித் துறையின் கைபேசிச் செயலியில் பதிவேற்றப்பட்டு மேலே போகிறது. அதற்குப் பதில் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்கும் ஆட்கள் தெருவில் இருந்தாக வேண்டும். கூட்டம் முடிந்த பிறகு வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிச் செல்லும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அதை முதல் நாளே மரியாதையாக மறுத்துவிடுவது நல்லது. வாசிக்காத தீர்மானத்தில் இட்ட கையெழுத்து, பின்னாளில் கேள்வி கேட்கும் உரிமையை நம்மிடமிருந்தே பறித்துவிடும்.

எங்கள் பள்ளி எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அது ஏன் முக்கியம்?

நெல்லையைப் பொறுத்தவரை இதுவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையை அழைப்பதற்குக் காரணமான பழைய பள்ளிகளில் பல, கிறிஸ்தவ மிஷன்கள் தொடங்கி இன்று அரசு உதவி பெறுபவை. ஆசிரியரின் சம்பளத்தை அரசு தருகிறது. கட்டடமும் நிர்வாகமும் சபையிடமோ அறக்கட்டளையிடமோ இருக்கின்றன. 2012-இல் கல்வி உரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் பிற உதவிபெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழுவுக்கு ஆலோசனை கூறும் தகுதி மட்டுமே உண்டு. சுயநிதித் தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழுவே கட்டாயமில்லை.

ஆகவே மாநகராட்சிப் பள்ளியில் மேற்கூரை ஒழுகினால் மனு மாநகராட்சி ஆணையருக்குப் போக வேண்டும். கல்வித் துறையின் நேரடிப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு. உதவிபெறும் பள்ளியாக இருந்தால் பள்ளிச் செயலருக்கும் தாளாளருக்கும் ஒரு படியும், கல்வி அலுவலகத்துக்கு ஒரு படியும் கொடுக்க வேண்டும். தவறான மேசையில் வைத்த மனு ஆறு மாதம் தூங்கும் என்பது பெற்றோர் பலருக்கும் தெரிந்த சங்கதிதான். பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே வகை பெரும்பாலும் புரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் தலைமையாசிரியரிடமே கேட்டுவிடலாம், அவர் தவறாக நினைக்கமாட்டார்.

எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். கூட்டத்துக்கு யார் வருவார்கள்?

மேலப்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான வீடுகளில் பெண்கள் மடியில் சொளகை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். சுற்றிய பீடியைக் கட்டுகட்டாகக் கட்டிக் கடையில் கொடுத்து, மறுநாளைக்கான இலையும் தூளும் வாங்கி வரும் நேரம் ஒவ்வொரு தெருவுக்கும் ஏறக்குறைய நிலையானது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் பள்ளியில் நடக்கும் குழுக் கூட்டம் இந்த வேலை ஓட்டத்தோடு மோதுகிறது. ஒரு மணி நேரம் சொளகைக் கீழே வைத்தால் அன்றைய கணக்கில் குறையும். ஆகையால் கூட்டத்தைச் சொளகு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வளவின் முற்றத்தில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கை வேலையை நிறுத்தாமல் பேசும் பேச்சே முதல் கூட்டம். அங்கே அழைப்பிதழும் மைக்கும் தேவையில்லை. ஒருவர் கையில் ஒரு நோட்டு இருந்தால் போதும், அதுவும் எழுதத் தெரிந்த பெண்பிள்ளை ஒருத்தியின் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

அந்த முதல் பேச்சில் திட்டங்களை விளக்கக் கூடாது. "உன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் எது கஷ்டமாக இருக்கிறது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். இப்படி வீடுவீடாகவும் வளவுவளவாகவும் கேட்டு முடிக்கும்போது, திரும்பத் திரும்ப வரும் குறை எது, அதைக் கோபத்தோடு சொன்னவர் யார், பிறர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டவர் யார் என்று தெரிந்துவிடும். குழுவை முன்னெடுக்க வேண்டியவர்கள் அவர்களே. உரக்கப் பேசுபவரைத் தேடிப் போக வேண்டியதில்லை, அவர் தாமாகவே வந்துவிடுவார்.

ஆட்டோ ஓட்டுநர், கட்டடத் தொழிலாளி, ஜவுளிக்கடைப் பணியாளர் போன்ற தந்தையர் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு நேரம் குறிப்பதே சரி. தாய்மார்கள் கூடிய கூட்டத்தில் அவர்கள் வந்து முடிவெடுப்பது சரியன்று.

எந்தக் கோரிக்கையை முதலில் எடுப்பது?

சிறியதாக, கண்ணால் பார்க்கக்கூடியதாக, இரண்டு மூன்று மாதத்தில் நிறைவேறக்கூடியதாக உள்ள ஒன்றை எடுக்க வேண்டும். நகரப் பள்ளிகளில் அது பெரும்பாலும் கழிப்பறையாகவே அமைகிறது. "கழிப்பறை சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால், "ஆள் போட்டிருக்கிறோம், சுத்தம் செய்கிறார்கள்" என்ற பதில் வரும். அதற்குப் பதிலாக, தலைமையாசிரியரின் அனுமதியோடு இரண்டு தாய்மார்கள் உள்ளே போய்ப் பார்த்து இப்படி எழுதலாம்: பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறைகளில் எத்தனை பூட்டாமல் திறந்திருக்கின்றன, எத்தனை கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு, குழாயில் காலை இடைவேளைக்குத் தண்ணீர் வந்ததா, பிற்பகல் இடைவேளைக்கும் வந்ததா, வாளியும் கோப்பையும் இருந்தனவா, பயன்படுத்திய நாப்கினைப் போட மூடியுள்ள கூடை இருந்ததா. இதையே வேறு வேறு கிழமைகளில் நான்கு முறை எழுதினால், தொட்டியில் ஏற்றிய தண்ணீர் பதினொரு மணிக்கே தீர்ந்துவிடுகிறது என்பதோ, சாவி ஒரே ஆளிடம் இருக்கிறது என்பதோ தானாக வெளிவரும். அப்போது கோரிக்கை "பெரிய தொட்டி வேண்டும்" என்றோ "சாவிக்கு இன்னொரு பொறுப்பாளர் வேண்டும்" என்றோ குறுகிவிடும், மறுப்பதும் கடினமாகும்.

கேட்பதற்குச் சட்டப் பிடியும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையையும் பாதுகாப்பான குடிநீரையும் கட்டாயமாக்கியுள்ளது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வரையறைப்படி 101 முதல் 250 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய். அதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்த மானியம் வந்ததா, எவ்வளவு செலவானது என்று குழுக் கூட்டத்தில் கேட்பது உறுப்பினரின் கடமை. ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: 2024-25-இல் இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குரிய நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்தது. அப்படிப்பட்ட ஆண்டில் பணம் வராததற்குத் தலைமையாசிரியரிடம் சண்டை போடுவது வீண்.

கட்டடப் பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் பேச முடியுமா? அது பொறியாளர் வேலையல்லவா?

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி டவுனில் ஓர் உதவிபெறும் பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகே மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து இடிக்க உத்தரவு வந்தது. இந்த ஊரில் இருந்துகொண்டு அது பொறியாளர் வேலை என்று எவரும் சொல்லிவிட முடியாது.

பெற்றோர் செய்ய வேண்டியது கட்டடத்தின் உறுதியைச் சான்றளிப்பதன்று. சான்று இருக்கிறதா என்று கேட்பதே. கட்டட உறுதிச் சான்றின் நகலைக் குழுக் கூட்டத்தில் பார்வைக்கு வைக்கும்படி தீர்மானம் போடலாம். சுவரில் விரிசல், அடித்தளம் இல்லாமல் பின்னாளில் எழுப்பிய தடுப்புச் சுவர், கம்பி வெளியே தெரியும் மேற்கூரை, சுவரை ஒட்டித் தேங்கும் மழைநீர் ஆகியவற்றைத் தேதியோடு படம் எடுத்து வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகைக்கு முன் ஒருமுறை, மழை விட்ட பிறகு ஒருமுறை என்று இதைச் செய்வது நல்லது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையிலும் தாமிரபரணி வெள்ளத்திலும் நனைந்த கட்டடங்களை மீண்டும் பார்க்காமல் விடக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் இடத்தில் தீர்மானத்துக்கும் கூட்டத்துக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றே எழுத்தில் கொடுத்து, அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாமல் கயிறு கட்டச் சொல்ல வேண்டும்.

மனுவை எங்கே, எப்படிக் கொடுப்பது?

முதல் படி தலைமையாசிரியர். அவரைத் தாண்டிப் போவதானால் அவருக்குச் சொல்லிவிட்டே போக வேண்டும். அடுத்து, திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். கொக்கிரகுளத்துக்கு ஐம்பது பேர் திரண்டு போவதைவிட, ஐந்து பேர் போய், ஐம்பது கையெழுத்தும் படங்களும் இணைத்த மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி நோட்டில் ஒட்டுவது நல்லது. மற்ற நாற்பத்தைந்து பேரின் அரைநாள் கூலி மிஞ்சும். 2022 முதல் நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டுள்ளன. சாலை, சாக்கடை பற்றியே அங்கே பேச்சு நிறையும் என்றாலும், மாநகராட்சிப் பள்ளி மாநகராட்சியின் சொத்து என்பதால் அதைப் பற்றி அங்கே கேட்பதும் பொருத்தமே.

பலரும் பயன்படுத்தாத வழி ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி, குழந்தையின் உரிமை தொடர்பான எழுத்துப் புகாரை உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்தால், அது இரு தரப்பையும் விசாரித்து மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவில் நிறைவு இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மனுவின் தலைப்பிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் காலக்கெடு நம் பக்கம் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஆயினும் எடுத்த எடுப்பிலேயே அதை வீசுவது உறவைக் கெடுக்கும் என்பது என் கருத்து. அவசரப் புகாருக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண் இருக்கிறது.

கேள்வி கேட்டால் ஆசிரியர்கள் அந்தக் கோபத்தைப் பிள்ளையிடம் காட்டிவிடுவார்களோ?

இந்த அச்சம் உண்மையானது. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனாலேயே கோரிக்கை எப்போதும் குழுவின் பெயரில் போக வேண்டும், ஒரு பெற்றோரின் பெயரில் போகக் கூடாது. பிள்ளையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது என்பதையும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

அதே சமயம், ஆசிரியர்களுக்கும் குறைகள் உண்டு என்பதைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும். தொடக்க வகுப்பில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்ட அளவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாரா வேலையை ஆசிரியருக்குத் தரக் கூடாது என்பதும் சட்டம்தான். ஆனாலும் கணினியில் விவரம் பதிவேற்றுவதிலேயே பாடவேளை கரைகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். காலிப் பணியிடத்தை நிரப்பும்படி பெற்றோர் மனு கொடுத்தால், அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் அடுத்த கூட்டத்துக்குத் தாமாகவே வருவார்கள். நிரந்தர ஆசிரியர் வரும்வரை பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியரை நியமிக்க 2022-இல் அரசு அனுமதித்தது. இடைக்கால உதவியாக அது சரி. அதையே நிரந்தரமாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருவில் சாதிச் சங்கம் வலுவாக இருக்கிறது. ஜமாத்தும் சபையும் உதவத் தயார். சேர்த்துக்கொள்ளலாமா?

இடம் தரட்டும், பாய் விரிக்கட்டும், அறிவிப்புச் செய்யட்டும். ஜமாத்தும் சபையும் கோயில் நிர்வாகமும் இதைச் செய்வதில் தவறில்லை, மேலப்பாளையத்திலும் பாளையங்கோட்டையிலும் அவர்கள் துணையின்றி ஆட்களைச் சேர்ப்பதும் கடினம். முடிவெடுக்கும் வட்டம் மட்டும் பெற்றோரின் வட்டமாக இருக்க வேண்டும்.

சாதிச் சங்கம் வேறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதி அடையாளம் வரை பலவற்றையும் நீக்கச் சொன்னது. இந்த மாவட்டத்தில் ஒரு பள்ளிக்காக ஒரு சாதி மட்டும் கூடினால், கோரிக்கை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் மறுநாளே வகுப்பறையில் இரண்டு பக்கம் உருவாகிவிடும். ஆகவே முதல் கூட்டத்துக்கு ஆள் அழைக்கும்போதே, பள்ளியில் எந்தெந்தத் தெருப் பிள்ளைகள் படிக்கிறார்களோ அந்தத் தெருக்கள் எல்லாவற்றிலிருந்தும் ஒருவரேனும் வந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு தெரு விடுபட்டிருந்தால் கூட்டத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. இதில் தாமதம் ஆனாலும் பரவாயில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கவுன்சிலர், கட்சிக்காரர்?

கவுன்சிலரை அழைக்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும். மனுவையும் நோட்டையும் அவர் கையில் ஒப்படைத்துவிடக் கூடாது.

நன்கொடை திரட்டி நாமே செய்துவிட்டால் சுலபமாக முடிந்துவிடுமே?

இதற்கு நம் ஊரில் நீண்ட மரபு உண்டு. 1956-இல் காமராசர் ஆட்சியில் அன்றைய நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, செலவில் ஒரு பகுதியை ஊர்மக்களே ஏற்றார்கள். கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலமும் மேசையும் நாற்காலியும் கரும்பலகையும் கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் அதே வழியில் வந்ததுதான்.

ஆனால் மின்விசிறியும் மேசையும் நன்கொடையாக வரலாம். சுவரும் ஆசிரியரும் குடிநீரும் அரசின் கடமை. அந்தக் கடமையை இரண்டு முறை நாமே முடித்துக் கொடுத்தால், மூன்றாம் முறை கேட்கும்போது "நீங்களே செய்துவிடலாமே" என்ற பதில்தான் வரும். வசதியுள்ள தெருப் பள்ளிக்கு எல்லாம் கிடைத்து, பீடி சுற்றும் தெருப் பள்ளி பின்தங்குவதும் அதனால் நிகழும். தவிர, பணம் கையில் புழங்கத் தொடங்கிய நாளிலிருந்து குழுவில் கணக்குச் சண்டையும் தொடங்கும்.

வேறு நாடுகளில் இப்படிச் செய்து பலன் கண்டிருக்கிறார்களா?

அமெரிக்காவின் சிகாகோ நகரம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பெற்றோர் அமைப்புகளும் பிறரும் போராடியதன் விளைவாக 1988-இல் இயற்றப்பட்ட சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கும் ஆறு பெற்றோரும் இரண்டு பகுதிவாசிகளும் இரண்டு ஆசிரியர்களும் தலைமையாசிரியரும் கொண்ட மன்றத்தை உருவாக்கியது. தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமே அதற்குத் தரப்பட்டது. நம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அப்படி ஏதும் இல்லை. எனினும் காலப்போக்கில் அங்கேயும் பல பள்ளிகளில் மன்றத் தேர்தலுக்கு நிற்க ஆள் கிடைக்கவில்லை. அதிகாரம் இருந்தும் தெருவில் ஆள் சேர்க்கும் வேலை நின்றுபோனால் அதுதான் நடக்கும்.

நமக்கு அதிகம் பயன்படக்கூடியது அதே நகரத்தின் லோகன் ஸ்கொயர் பகுதி அனுபவம். 1995 முதல் அங்கே தாய்மார்கள், அவர்களில் பலர் ஆங்கிலம் சரளமாகப் பேசாத குடியேறிகள், நாளுக்கு இரண்டு மணி நேரம் தங்கள் பிள்ளை இல்லாத வேறொரு வகுப்பில் ஆசிரியருக்கு உதவியாக உட்கார்ந்தார்கள். அதற்கு ஒரு சிறு ஊக்கத்தொகையும் உண்டு. நம் 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள் மாலையில் தெருவில் செய்ததை, அவர்கள் காலையில் வகுப்பறைக்குள் செய்தார்கள். வகுப்பு எப்படி நடக்கிறது என்பதை உள்ளிருந்து பார்த்த தாய் பிறகு கேட்கும் கேள்வியின் தரமே வேறு.

நாங்கள் அதிகம் படிக்கவில்லை. படிப்பின் தரத்தைப் பற்றி நாங்கள் எப்படிக் கேட்பது?

பாடம் தெரிய வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறதா என்று எந்தத் தாயும் கேட்டுப் பார்த்துவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பிள்ளை திக்குவது காதில் விழும். கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின்படி, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்ற மதிப்பீடு ஆசிரியரிடம் இருக்கும். அதைக் காட்டும்படி பெற்றோர் கேட்கலாம். காலை உணவையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. உணவு நேரத்துக்கு வருகிறதா, சூடாக இருக்கிறதா, பிள்ளைகள் மீதம் வைக்கிறார்களா என்று பார்ப்பதற்குத் தாய்மாரைவிடத் தகுதியானவர் இல்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் பிள்ளைகளைச் சேர்க்கச் சிரமப்படுகிறார்களே?

வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்றோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. குழுவில் ஒருவர் அவர்களோடு பள்ளிக்குப் போனாலே பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும்.

பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்ததும் பெற்றோர் விலகிவிடுகிறார்கள். குழு எப்படி நிலைக்கும்?

தொடக்கப் பள்ளிக் குழுக்கள் கலைவதற்கு இதுவே பெரும் காரணம். ஒவ்வோர் ஆண்டும் சித்திரையிலேயே, முதல் வகுப்பில் சேரப்போகும் பிள்ளைகள் யார் யார் என்று அங்கன்வாடியில் விசாரித்து அந்த வீடுகளுக்குப் போக வேண்டும். சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும் வேலையும் குழுவுக்கு ஆள் பிடிக்கும் வேலையும் அங்கே ஒன்றாகவே முடிந்துவிடும். தலைவராக இருக்கும் தாயின் பிள்ளை நான்காம் வகுப்பில் இருந்தால், ஒன்றாம் இரண்டாம் வகுப்புத் தாய் ஒருவர் அவரோடு எல்லா அலுவலகங்களுக்கும் கூடவே போய்வர வேண்டும். யாரைப் பார்ப்பது, எந்த மேசை, எந்த நேரம் என்பதெல்லாம் அப்படித்தான் பழகும். விலகும் பெற்றோர் மனு நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள், படங்கள் அடங்கிய நோட்டைப் புதியவரிடம் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஒப்படைக்க வேண்டும். பதில் வராத மனுக்களின் பட்டியலை முதல் பக்கத்தில் எழுதித் தருவது புதியவருக்குப் பேருதவியாக இருக்கும். 2024 முதல் முன்னாள் மாணவர்களுக்கும் குழுவில் இடம் இருப்பதால், அதே பள்ளியில் படித்து அதே தெருவில் குடியிருக்கும் இளைஞர் ஒருவரை அந்த நோட்டுக்குப் பொறுப்பாளராக்கலாம்.